கணவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் ஐவிஎஃப் செய்யலாமா?

தங்கச்சி, ஐவிஎஃப்புக்கு (லேபில் கருவை உருவாக்கும் சிகிச்சை) முந்தின ரத்தப் பரிசோதனையில் வீட்டுக்காரருக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் கிருமித் தொற்று) இருப்பது தெரிந்ததும், சிகிச்சையே வேண்டாமென்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தத் தேவையில்லை. நாங்களும் இதே கவலையோடு காரைக்குடியிலிருந்து மதுரைக்கு அலைந்தவர்கள்தான்.

முதலில் உங்கள் ரத்தம். கிருமி இருக்கிறதா, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா, இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு முதலாவதை மட்டும்தான் எழுதிக் கொடுத்தார்கள், இரண்டாவதை நாங்களாகத்தான் கேட்டு வாங்கினோம். இரண்டுமே இல்லையென்றால் தடுப்பூசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, 6-ஆம் மாதம் ஒன்று. கடைசி ஊசி போட்டு 1-2 மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று பாருங்கள். அதுவரை ஆணுறை. வயதை நினைத்துக் காத்திருக்க முடியாதென்றால் டாக்டரிடம் பேசுங்கள், இந்த ஊசியைக் கர்ப்பத்திலும் போடலாம்.

குழந்தைக்கு இது பெரும்பாலும் தாயிடமிருந்து பிரசவ நேரத்தில்தான் தொற்றும். அதனால்தான் உங்கள் ஊசி முக்கியம். லேபில் விந்தணுவைக் கழுவி எடுப்பார்கள், ஆனால் அது ஊசிக்கு ஈடாகாது. கருவை உறைய வைத்தால் தனித் தொட்டியிலா என்று கேளுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கும் ஊசி போட வேண்டும்.

அப்புறம், அவரைக் கல்லீரல் டாக்டரிடம் காட்டுங்கள். கீழாநெல்லியை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.