ஜப்பானில் சாய்கோவுக்கு இருக்கும் மரியாதை ஓகுபோவுக்கு ஏன் இல்லை?

சாய்கோ தகமோரி, ஓகுபோ தொஷிமிச்சி இருவரும் 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் பழைய ஆட்சியைக் கவிழ்த்துப் புது அரசை அமைத்த சாமுராய்த் தலைவர்கள். சாய்கோ கதையில் உருகிப்போய், 'சின்ன வயசு நண்பனையே அழித்த ஓகுபோ துரோகிதானே' என்ற முடிவோடுதான் கேட்கிறீர்கள் போல. அவர்கள் சொந்த ஊரான ககோஷிமா போகும்வரை நானும் அந்தக் கட்சிதான்.

ஃபுகுவோகாவில் வேலை பார்த்தபோது ஒரு லீவில் போனேன். 1937இல் வைத்த சாய்கோ சிலை முன்னால் போட்டோ எடுக்க ஒரே கூட்டம். ஆற்றுப் பாலத்தருகே ஓகுபோ சிலையைத் தேடிப் பிடித்தால், அங்கே ஈ காக்கை இல்லை. இருவரும் ஒரே பேட்டையில் வளர்ந்தவர்கள். ஆனால் இவருக்குச் சொந்த ஊர் சிலை வைத்தது 1979இல், செத்து நூறு வருஷம் தாண்டி. வெண்கலக் கோட்டின் மடிப்புகளில் சகுராஜிமா எரிமலைச் சாம்பல் படிந்திருந்தது. காலடியில் சின்னதாக ஒரு குதிரை, ஒரு வண்டிக்காரர். 1878 மே 14 காலை, டோக்கியோவில் ஆறு பேர் அவர் வண்டியை மறித்து வெட்டியபோது கூடவே வெட்டுப்பட்டவர்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஊர் வெறுத்ததற்குக் காரணம் உண்டு. மேல்நாடுகளைச் சுற்றிவிட்டு 1873இல் திரும்பிய ஓகுபோ, கொரியாவோடு சண்டைக்கு இது நேரமில்லை என்றார். அதில் எதிர்ப்பக்கம் நின்று தோற்ற சாய்கோ, பதவியை உதறிவிட்டு ஊருக்குப் போனார். 1876இல் சாமுராய்களின் இடுப்பு வாளுக்குத் தடை. பரம்பரைப் படியும் கடன்பத்திரமானது. மறு வருஷம் சாய்கோ தலைமையில் கலகம். அதை அடக்கிய அரசில் முதல் ஆள் இவர்தான்.

உடனே சண்டைக்கு வராதீர்கள், அவரை உத்தமர் என்று சொல்லவில்லை. 1874இல் சாகா என்ற ஊரில் நடந்த கலகத்துக்காக, அதன் தலைவர் எதோ ஷின்பேயின் தலையை வெட்டிக் காட்சிக்கு வைத்தார்களே, அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டமாட்டேன். ஆனால் பதவியில் சொத்து சேர்த்தவர் இல்லை. சாகும்போது 8000 யென் கடன்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்கிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நான் 4 வருஷம் பொருளாளர். பொங்கல் விருந்துப் பணத்தை நிறுத்தி, ஒழுகிய தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்தேன். ஆண்டு விழாவில் பொன்னாடை தலைவருக்கு. எனக்கு, லிஃப்ட் சுவரில் சாவியால் கீறிய 'கஞ்சன்'. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பெயின்ட் செலவை நானேதான் அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்தேன்.