கலை, பண்பாட்டு அமைப்புகளை நடத்த அடுத்த தலைமுறையைப் பயிற்சி கொடுத்து உருவாக்க முடியுமா?

கேட்டவர் சென்னையில் ஒரு சபாவில் உதவிச் செயலாளர். "மேடை ஏற நூறு பேர் வருகிறார்கள், நிர்வாகத்துக்கு ஒருவரும் வருவதில்லை. தலைமைப் பயிற்சி வகுப்பு நடத்தினால் பயன் உண்டா? வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில். 2001இல் மிருதங்கம் சொல்லிக்கொடுக்க இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தேன். இங்கேயே கல்யாணமாகி, இங்கேயே தங்கிவிட்டேன். 2009 முதல் ஒரு சின்னத் தமிழ்க் கலைச் சங்கத்தின் கமிட்டியில் இருக்கிறேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். சொல்லப்போவதில் பாதி எங்கள் தவறுகள்.

2012இல் எங்கள் பொருளாளர் அங்கிள் திடீரென்று காலமானார். (இங்கே பெரியவர்கள் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டிதான். இந்தியாவிலிருந்து வந்த புதிதில் எனக்குக் கூச்சமாக இருந்தது, இப்போது நானே அங்கிள்.) முப்பது வருடங்களுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்தவர், ஒரு சென்ட் தவறியதில்லை. அவர் போன மறுவாரம்தான் தெரிந்தது, வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமை மூன்று பேருக்கு, அதில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் அங்கிள். இன்னொருவர் அவருக்கு முன்பே இறந்துவிட்டார், பெயரை யாரும் எடுக்கவில்லை. மூன்றாமவர் ஜோஹன்னஸ்பர்க்கில் மகள் வீட்டில் இருந்தார், ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது. கமிட்டித் தீர்மானம் எழுதிய மினிட்ஸ் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள் என்றது வங்கி. புத்தகம் அங்கிள் வீட்டு அலமாரியில். பதினாறாம் நாள் காரியம் முடியும் முன் அந்த வீட்டுக்குப் போய் ஆன்ட்டியிடம் "மினிட்ஸ் புத்தகம் எங்கே?" என்று யார் கேட்பது?

நான்கு மாதம் கணக்கு முடங்கியது. அதற்குள் இன்னொன்று வந்தது. இங்கே லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. பதிவு செய்த அமைப்பு, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் நடவடிக்கை அறிக்கையும் கணக்கும் அரசுக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் இரண்டு வருடமாக அனுப்பவில்லை. அங்கிள் கணக்கை எழுதிவைத்திருந்தார், அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பதிவை ரத்து செய்யப்போவதாக நோட்டீஸ் வந்தது. நிதியுதவிக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்த ஆடி மாத இசைவிழா நடக்கவில்லை.

அதே வருடம் எங்கள் நடன வகுப்பில் இரண்டு பெண்களுக்கு அரங்கேற்றம் நடந்தது. மெட்ராஸிலிருந்து பக்கவாத்தியம், பட்டுப்புடவை, பூ எல்லாம் வந்தன. நட்டுவாங்கத்துக்கு ஆள் இருந்தது, பாடுவதற்கு இருந்தது, ஹாலுக்கு வாடகை கட்டிச் சாவி வாங்கிவர ஆள் இல்லை. கடைசியில் மிருதங்கத்தைக் காரில் வைத்துவிட்டு நான்தான் போனேன்.

இதற்குப் பிறகு எங்களுக்கும் உங்கள் யோசனைதான் வந்தது. கடற்கரை ஓரம் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் தலைமைப் பயிற்சி. மூன்று இளைஞர்களைக் கட்டணம் கட்டி அனுப்பினோம். பெரிய தாளில் வண்ணப் பேனாவால் 'தொலைநோக்கு' எழுதினார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடந்தார்கள், சான்றிதழோடு வந்தார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவர்களைப் பின்வரிசையில் உட்காரவைத்து, டீ கொண்டுவரச் சொன்னோம். ஆறு மாதத்தில் மூன்று பேரும் காணாமல் போனார்கள். குற்றம் அந்த வகுப்பின் மேல் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியவர்கள் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கமிட்டியில் ஒரு தாத்தா இருந்தார், எண்பதைத் தாண்டியவர். தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை, ஆனால் அவர் பேசும் தமிழில் வட ஆற்காட்டு வாசம் அடிக்கும். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மெட்ராஸிலிருந்து முதல் கப்பல் டர்பன் வந்தது 1860 நவம்பர் 16. அப்படி வந்தவர்களின் வழியில் வந்தவர் அவர். பிறந்து வளர்ந்தது டர்பனில் கேட்டோ மேனர் என்ற பகுதியில். இன்னின்ன இனத்தவர் இன்னின்ன இடத்தில்தான் இருக்கலாம் என்று 1950இல் சட்டம் போட்டார்கள். வீடு, தோட்டம், கூத்து நடந்த திடல் எல்லாம் போய், அறுபதுகளில் சாட்ஸ்வர்த்துக்கு வந்து சேர்ந்தார்கள். தெருக்கூத்தைத் தோட்டக் காலத்திலிருந்து இங்கே ஆங்கிலத்தில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்', அதாவது 'ஆறடி நடனம்', என்பார்கள். தாத்தா அதில் திரௌபதி வேஷம் கட்டியவர். இங்கே வந்து வீடு வீடாகச் சில்லறை வசூலித்து ஹால் கட்டினார்கள். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இல்லை. எந்தப் பயிற்சியும் இல்லை, அரசு காலணா தரவில்லை. ஒரு முறை எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு மறுபடி கட்டியவர்கள் சாவியை லேசில் கொடுப்பார்களா? 'பதவி ஆசை' என்று சின்னப் பிள்ளைகள் சொல்லும்போது எனக்குச் சுருக்கென்றிருக்கும். கொஞ்சம் ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

சரி, எது வேலை செய்தது என்று சொல்கிறேன். திட்டமிட்டுச் செய்தது இல்லை.

2018 தைப்பூச இசை நிகழ்ச்சியை எடுத்து நடத்த வேண்டியவருக்கு முட்டி அறுவை சிகிச்சை. வேறு ஆள் இல்லாமல் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தோம். என்னிடம் சின்ன வயதில் ஒரு வருடம் மிருதங்கம் கற்றுவிட்டு ஓடிப்போனவள். துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் தயார் செய்யும் கம்பெனியில் வேலை. 18,000 ராண்ட் பட்ஜெட். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அங்கிள், இந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று நான் முடிவு செய்யலாமா, இல்லை நீங்கள் முடிவு செய்ததை நான் செய்ய வேண்டுமா?" (பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, தமிழில் எழுதுகிறேன்.) கமிட்டியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தாத்தாதான், "நீயே செய் பொண்ணு, ஆனா கணக்கு நீயே சொல்லணும்" என்றார்.

இரவு ஏழு மணி நிகழ்ச்சியை ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மாற்றினாள். இரவில் வெளியே வர முதியவர்களுக்குப் பயம், இதை நாங்கள் பத்து வருடமாகப் புலம்பியிருக்கிறோம், நேரத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் ஒலிபெருக்கிக்காரரிடம் விலைப்பட்டியல் வாங்காமல் வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டு, கடைசியில் 2,300 ராண்ட் துண்டு விழவும் வைத்தாள். ஹால் நிறைந்தது, கணக்கு உதைத்தது. நான் என் பையிலிருந்து போட்டு மூடிவிடலாம் என்றேன். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, எங்கே தவறியது, அடுத்த முறை மூன்று இடத்தில் விலை கேட்பேன் என்று சொன்னாள். குரல் நடுங்கியது. யாரும் திட்டவில்லை. ஹோட்டல் வகுப்பில் கிடைக்காதது அந்தப் பத்து நிமிடத்தில் அவளுக்குக் கிடைத்தது என்பது என் எண்ணம். எங்களுக்கும் கிடைத்தது. அதுவரை கமிட்டியில் யாரும் எழுந்து நின்று "நான் தப்பு செய்தேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த வருடம் அவளைச் செயலாளராக்கலாம் என்றபோது பிரச்சினை வேறு பக்கம் கிளம்பியது. அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் வைத்துப் பாடுவாள். "தமிழ் தெரியாதவள் தமிழ்ச் சங்கச் செயலாளரா?" என்று ஒருவர் கேட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இங்கே வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகக் குறைவு. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் தமிழும் இந்திய இசையும் பாடமாக இருந்தன. அந்தப் பல்கலைக்கழகமே 2004இல் நடால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நடால் ஆகிவிட்டது. படிக்க இடமில்லாமல் செய்துவிட்டுப் படிக்கவில்லை என்று அவளைக் கேட்பது நியாயமா என்று வீட்டுக்கு வந்து என் மனைவி கேட்டாள். அவள் இந்த ஊர்க்காரி.

அந்தச் சமயத்தில் நாங்கள் அனுப்பிய நிதி விண்ணப்பத்தின் முன்பக்கக் கடிதத்தை அந்தப் பெண்தான் எழுதினாள். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆவது பிரிவைக் காட்டியிருந்தாள். இங்குள்ள சமூகங்கள் பேசும் மொழிகள் என்று குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு தமிழையும் பெயர் சொல்லி, அவற்றை வளர்க்கவும் மதிக்கச் செய்யவும் ஒரு வாரியம் வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. பதினெட்டு வருடம் இந்த நாட்டில் தமிழ் தமிழ் என்று பேசிக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாது. செயலாளர் பதவிக்கு நான் அவளுக்கே ஓட்டுப் போட்டேன். தமிழ் வகுப்பிலும் சேர்ந்தாள், இன்னும் 'ழ' வரவில்லை.

நீங்கள் கேட்ட முறையான படிப்பு இங்கே இல்லாமல் இல்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டுக் கொள்கை, நிர்வாகம் பற்றிப் பட்டமேற்படிப்பு உண்டு. கேப்டவுன் பக்கம் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகமும் ராபன் தீவு அருங்காட்சியகமும் சேர்ந்து 1998இல் அருங்காட்சியக, மரபுரிமைப் படிப்பு ஒன்றை ஆரம்பித்தன. சிறையாக இருந்த தீவை அருங்காட்சியகமாகத் திறந்த மறுவருடமே, இதை நடத்த ஆள் வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை. நம் சங்கங்கள் ஐம்பது வருடம் கழித்தும் யோசிப்பதில்லை.

ஆனால் அரசின் பயிற்சிப் பணம் எங்கள் மாதிரி இடங்களுக்கு வந்துசேர்வது கஷ்டம். காரணம் எளிது. ஆண்டுச் சம்பளச் செலவு 5,00,000 ராண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் 1 சதவீதத்தைத் திறன் பயிற்சிக்கென்று கட்ட வேண்டும். அந்தப் பணம் துறைவாரியான ஆணையங்களுக்குப் போய், அங்கிருந்து பயிற்சியாக வருகிறது. கலை, பண்பாடு, சுற்றுலா, ஹோட்டல், விளையாட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆணையம். ஹோட்டலில் சம்பளப் பட்டியல் இருக்கிறது, பயிற்சி பெற ஆளும் இருக்கிறது. எங்களிடம் இருப்பவர்கள் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வரும் தொண்டர்கள். சம்பளமே இல்லாத இடத்தில் 'ஊழியர் பயிற்சி' என்று எதை எழுதுவது? பாத்திரம் தேய்ப்பதிலிருந்து ஒலிபெருக்கி வரை இலவச உழைப்பில் ஓடும் துறை இது. முழுநேரமாக ஒரே ஒருவருக்காவது சம்பளம் கொடுக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன். எங்களால் இன்னும் முடியவில்லை.

செக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2020 கடைசியோடு இந்த நாட்டில் செக் என்பதே ஒழிந்தது. எல்லாம் இணைய வங்கி. எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றில் பெரியவர்கள் கையெழுத்து அதிகாரத்தை விடாமல் வைத்திருந்தார்கள், ஆனால் செல்போனில் பணம் அனுப்பத் தெரியாது. பேரன்கள் தாத்தாவின் ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையான பொருளாளர் ஒரு பதினாறு வயதுப் பையன், அவன் பெயர் எந்த மினிட்ஸிலும் இல்லை. சிரிப்பாக இருக்கும், ஆனால் பொறுப்பு இல்லாத அதிகாரம் ஆபத்து. அதைவிட அவனை முறையாக உதவிப் பொருளாளர் என்று எழுதிவிடலாம்.

உங்கள் சபாவுக்கு நான் சொல்வது: வகுப்பு நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் வகுப்புக்கு முன்னால் ஒரு நிகழ்ச்சியை, பட்ஜெட்டோடு, ஒருவர் பெயரில் எழுதிக் கொடுங்கள். சின்ன நிகழ்ச்சியாக இருக்கட்டும், நஷ்டம் வந்தால் தாங்கும் அளவுக்கு. அவருக்கு முன்னால் அதைச் செய்தவர் பக்கத்து நாற்காலியில் இருக்க வேண்டும், கேட்டால் மட்டும் பேச வேண்டும். இந்த இரண்டாவதுதான் கஷ்டம். தாத்தா நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆளைத் தேடும்போது மேடையை மட்டும் பார்க்காதீர்கள். இங்கே குழந்தைகளுக்கான தமிழ்ப் பாட்டு, பேச்சுப் போட்டிகளை 'ஐஸ்டெட்ஃபட்' என்பார்கள். வேல்ஸ் நாட்டுச் சொல், எப்படியோ நடால் தமிழர்களிடம் வந்து ஒட்டிக்கொண்டது. வாசலில் மேசை போட்டு, எந்தக் குழந்தை எந்த அறையில், எந்த நடுவர் இன்னும் வரவில்லை, யார் அழுகிறார்கள் என்று நாள் முழுக்கச் சமாளிக்கும் தாய்மார்களை யாரும் 'தலைவர்' என்று பார்ப்பதில்லை. எங்கள் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் ஜூலு இளைஞர் ஒருவர் உண்டு, உம்லாசியிலிருந்து வருகிறார். உடுக்கை அடிக்கும்போது மைக்கை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடமாக வருகிறார், போன மாதம் வரை கமிட்டிக்கு வருகிறீர்களா என்று நாங்கள் அவரைக் கேட்டதில்லை. இப்போது கேட்டிருக்கிறோம், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அந்தப் பெண் இப்போது பொருளாளர். அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம். போன வாரமே ஒரு காகிதத்தில் எந்தத் தேதியில் என்ன அனுப்ப வேண்டும், கடவுச்சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்றெல்லாம் எழுதிக்கொண்டுவந்து, தனக்குப் பதிலாக ஒரு பையனையும் கூட்டிவந்தாள். தவில் கற்கிறான், கணக்கில் சூட்டிகை. பதினெட்டு ஆகாததால் வங்கி அவனைக் கையெழுத்துக்கு ஏற்கவில்லை. மார்ச்சில் ஆகிவிடும். அதுவரை அவன் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுப்பதில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.