டிராக்டர் லோடரின் பக்கெட்டிலேயே உருளை வைக்கோல் கட்டைத் தூக்கலாமா, கட்டைக் குத்தித் தூக்கும் ஈட்டியைத் தனியாக வாங்க வேண்டுமா?

பக்கெட்டில் தூக்காதீர்கள். புதிதாக மாட்டுப்பண்ணை போட்டிருப்பீர்கள், லோடர் மாட்டியதிலேயே கையிலிருந்த பணம் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். நாங்களும் அப்படித்தான் ஈட்டியைத் தள்ளிப்போட்டோம்.

பெங்களூரில் ஆனேக்கல் பக்கம் நானும் அக்கா வீட்டுக்காரரும் சேர்ந்து பண்ணை நடத்துகிறோம். வழக்கமாக ஒரே ஆள் தூக்கிவிடும் சின்னக் கட்டுகள்தான் வாங்குவோம். அந்த வருஷம் பெரிய உருளைக் கட்டுகள் மலிவாகக் கிடைத்தன. நாலடி உயரம், நாலடி அகலம். காய்ந்திருந்தாலே 200 கிலோ தாண்டும், நனைந்தால் இன்னும் கனம். இரண்டு அடுக்கு ஏற்றிவிட்டு மூன்றாவதைத் தொடங்கினோம். மாமா டிராக்டரில், நான் கீழே. “இன்னும் கொஞ்சம் தூக்குங்க மாமா” என்று சொன்னவன் நான்தான்.

எங்களுடையது போன்ற லோடரில் கைகள் மேலே போகப் போக, பக்கெட் டிரைவர் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வரும். லீவரைப் பிடித்து நாம்தான் அதைச் சமன் செய்துகொண்டே இருக்க வேண்டும். மண்ணோ சாணமோ என்றால் கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான். உருளைக் கட்டு உருண்டுவிடும். பக்கெட்டின் பின்விளிம்பைத் தாண்டினால் அந்த இரண்டு கைகள் மேலேயே இறங்கி வரும். எல்லாரும் கட்டு முன்னால் விழும் என்றுதான் பயப்படுகிறார்கள். எங்களுக்கு அது பின்னால், மாமாவின் மடிக்கு வந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் ஒரு பக்கம் வளைந்து, அதற்கும் கட்டுக்கும் நடுவில் அவருடைய இடது தோள். முகமெல்லாம் வைக்கோல் தூசி. காறை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் பண்ணைக்குள் வர முடியவில்லை. எங்கள் தாத்தா காலத்து வண்டிப்பாதையில் புதிதாக வந்த லேஅவுட்காரர்கள் கேட் போட்டிருக்கிறார்கள். வாட்ச்மேன் போனில் அனுமதி வரட்டும் என்று நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, வேலை போய்விடும். ஆனால் சாண நாற்றம் என்று எங்கள் மேல் புகார் எழுதுபவர்கள், அந்தப் பாதை முதலில் யாருடையது என்று ஒரு நாள் கேட்டதுண்டா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

“இத்தனை வருஷமா பக்கெட்டில்தான் தூக்குறோம், ஒன்றும் ஆகல” என்று சிலர் வருவீர்கள். நான் பொறியாளர் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். கட்டு உருண்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கதை போதாதென்றால், எலக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஆங்கில ராக் இசைக்குழுவில் செல்லோ என்ற தந்திக்கருவி வாசித்த மைக் எட்வர்ட்ஸ் எப்படி இறந்தார் என்று பாருங்கள். 2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், சரிவில் உருண்டுவந்த சுமார் 600 கிலோ கட்டு அவருடைய வேன் மேல் மோதியது. சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போனவர் அவர்.

ஈட்டியோ, கட்டை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியோ வாங்குங்கள். பக்கத்து வொர்க்‌ஷாப்பில் கட்டடக் கம்பியைப் பற்றவைத்து ஈட்டி செய்யாதீர்கள், வளைந்துவிடும். பின்னால் எடை கட்டாயம். முன்னால் தூக்கும்போது பின்சக்கரம் லேசாகிவிடும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது, வண்டி எளிதில் கவிழும். நாங்கள் இப்போது மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரையே எடையாகப் பின்னால் மாட்டிக்கொள்கிறோம், அதைச் சுழலவிடுவதில்லை. நகரும்போது கட்டு முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அடுக்கும் இடத்துக்குப் போய் நின்ற பிறகுதான் தூக்க வேண்டும், மேலே மின்கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் வண்டியில் இருந்தால் சீட் பெல்ட்டும் போடுங்கள். எங்கள் பழைய வண்டியில் இரண்டும் இல்லை.

அப்புறம், கீழே யாரும் நிற்க வேண்டாம். மாமாதான் இப்போதும் ஓட்டுகிறார், இடது கை தோளுக்கு மேல் ஏறாது. நான் பேச வாயெடுத்தாலே போதும், கட்டைத் தரையில் இறக்கி எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் “என்னப்பா?” என்கிறார்.