எடை குறைக்கும்போது வர்க்கியை விட்டுவிட வேண்டுமா?

குன்னூரில் இருக்கிறேன், மாலை டீக்கு வர்க்கி (நீலகிரிப் பக்கம் கிடைக்கும் மொறுமொறு அடுக்கு பிஸ்கட்) இல்லாமல் முடியவில்லை, எடையும் குறைய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். அடியோடு நிறுத்தியவர்கள் பத்தாம் நாள் அரைப் பாக்கெட்டை ஒரே மூச்சில் முடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

வர்க்கியைக் கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஏமாற்றுவதும் அதுதான். உள்ளே இருப்பது மைதா, சர்க்கரை, அடுக்கடுக்காக வருவதற்குச் சேர்க்கும் வனஸ்பதி அல்லது நெய். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி என்றால் கொழுப்பு 9. அதனால் 30 கிராம் வர்க்கியே ஏறக்குறைய 150 கலோரி வந்துவிடும்.

சரி, அதற்கு எங்கே இடம்? டீயிலேயே இருக்கிறது. நாளுக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் கிட்டத்தட்ட 120 கலோரி. அதை நிறுத்துங்கள். சர்க்கரை போடாத டீயில் நனைத்தால் வர்க்கியின் இனிப்பு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒன்றைத் தட்டில் எடுத்துக்கொண்டு டப்பாவை உள்ளே வைத்துவிடுங்கள். மழைக் குளிரில் கை தானாகப் போகும். அப்புறம், மதியம் பயறும் பீன்ஸ் பொரியலும் வயிறாரச் சாப்பிடுங்கள். பசியோடு உட்கார்ந்தால் ஒன்றோடு நிற்காது. சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.