கறுப்பு வானத்தில் கறுப்பு மையா?
விண்வெளி வீரர்களின் ஆட்டோகிராஃப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விண்வெளி வீரர்களின் ஆட்டோகிராஃப் சேகரிக்க ஆரம்பித்திருக்கிறேன். புகைப்படம், புத்தகம், தபால் உறை, ராக்கெட் மாடல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் வாங்குவது?

பதில்: முதல் பத்துக் கையெழுத்துகளை 8×10 அங்குலப் புகைப்படத்திலேயே வாங்குங்கள். நாசா தன் வீரர்களின் அதிகாரபூர்வப் படங்களை இந்த அளவில்தான் வெளியிட்டு வந்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் அவற்றை ‘லித்தோ’ என்பார்கள். பிளாஸ்டிக் உறை, ஆல்பம், ஃப்ரேம் எல்லாம் இந்த அளவுக்குத் தயாராகக் கிடைக்கும். தபாலிலும் மடங்காமல் போய் வரும். 16×20 சுவரில் கம்பீரமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டணத்துக்குக் கையெழுத்திடும் நிகழ்வுகளில் பெரிய அளவுக்குக் கூடுதல் தொகை கேட்பது வழக்கம். ஐந்தாறு சேர்ந்துவிட்டால் கட்டிலுக்கு அடியில்தான் அவற்றுக்கு இடம்.

தனிப் படங்களில் நீலச் சீருடைப் படமும் உண்டு, விண்வெளி உடைப் படமும் உண்டு. அப்பல்லோ கால வீரர் என்றால் வெள்ளை விண்வெளி உடைப் படத்துக்குத்தான் மவுசு அதிகம். மார்பும் தோளும் வெளிர் நிறமாக இருப்பதால் கையெழுத்து பளிச்சென்று நிற்கும்.

புத்தகம் என்றால் அந்த வீரரே எழுதியதாக இருக்கட்டும். தலைப்புப் பக்கத்தில் வாங்குங்கள். நடுவில் வரும் வழவழப்பான படத்தாளில் வேண்டாம். புத்தகத்தை மூடியதும் மை எதிர்ப்பக்கத்தில் பதிந்துவிடும்.

கேள்வி: அப்பல்லோ படங்களில் தங்க நிறக் கண்ணாடி முகத்தை மறைத்துவிடுகிறது. படத்தில் இருப்பது யார் என்று தெரியாமல் தவறான ஆளிடம் நீட்டிவிடக் கூடாதே?

பதில்: நியாயமான பயம்தான். அடிக்கடி நடக்கிற தவறும் இதுதான்.

அப்பல்லோ 13 முதல் கமாண்டரின் உடையில் கை, கால், தலைக்கவசம் ஆகியவற்றில் சிவப்புப் பட்டை சேர்த்தார்கள். ஆகவே அப்பல்லோ 14 முதல் 17 வரையிலான நிலாப் படங்களில் சிவப்புப் பட்டை தெரிந்தால் அவர் கமாண்டர். இல்லாவிட்டால் அவரோடு நிலவில் இறங்கிய நிலாக்கல விமானி. அப்பல்லோ 11-லும் 12-லும் பட்டை கிடையாது. அங்கே நாசாவின் பட எண்ணை வைத்து விளக்கக் குறிப்பைப் பார்ப்பதுதான் வழி.

அப்பல்லோ 11-க்கு ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். கேமரா பெரும்பாலும் ஆம்ஸ்ட்ராங் கையில் இருந்தது. அதனால் நிலவில் எடுத்த நல்ல படங்களில் நிற்பவர் ஆல்ட்ரின். முகக்கண்ணாடியில் எதிரொளி தெரியும் அந்தப் பிரபலமான படம், AS11-40-5903 (அதாவது அப்பல்லோ 11-இன் 40-ஆம் சுருளில் 5903-ஆம் படம்), ஆல்ட்ரினுடையது. கண்ணாடிக்குள் சின்னதாகத் தெரிபவர்தான் ஆம்ஸ்ட்ராங். நிலவுநடை முடிந்து கலத்துக்குள் களைத்த முகத்தோடு சிரிக்கும் படம்தான் ஆம்ஸ்ட்ராங்குக்குப் பொருத்தம்.

படத்தில் இருப்பவரிடம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. அப்பல்லோ 16-இல் ஜான் யங் துள்ளிக்குதித்துக் கொடிக்கு சல்யூட் அடிக்கும் படத்தை எடுத்தவர் சார்லி டியூக். அப்பல்லோ 15-இல் ஜிம் இர்வின் சல்யூட் அடிக்கும் படத்தை எடுத்தவர் டேவிட் ஸ்காட். 1984 பிப்ரவரியில் புரூஸ் மெக்கேண்ட்லெஸ் கயிறு எதுவும் இல்லாமல் விண்வெளியில் மிதந்ததைப் படமெடுத்தவர் ராபர்ட் கிப்சன். எடுத்தவரிடம் நீட்டும்போது “படம் எடுத்தது நான்” என்ற பொருளில் ஒரு வரி எழுதித்தரச் சொன்னால், பின்னால் பார்ப்பவருக்குக் குழப்பம் வராது.

கேள்வி: எந்தப் பேனா? மார்க்கரில் வாங்கிய ஒரு கையெழுத்து நாலே வருடத்தில் பழுப்பாகிவிட்டது.

பதில்: ஷார்ப்பி போன்ற பெர்மனன்ட் மார்க்கரில் இருப்பது பெரும்பாலும் சாய மை. எந்த வழவழப்பிலும் பிடிக்கும், சட்டென்று காயும். எல்லோரும் அதை நீட்டுவதற்கு அதுதான் காரணம். ஆனால் வெளிச்சம் பட்டால் சாயம் சிதையும். உங்கள் படம் சுவரில் வெயில் படும் இடத்தில் மாட்டியிருந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் படத்தைப் பாருங்கள், பிறகு பேனாவை எடுங்கள். விண்வெளிப் படங்களில் பாதி இடம் கருவானம். மேலே சொன்ன ஆல்ட்ரின் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் படத்தில் அவர் தலைக்கு மேல் வானமே இல்லை, ஆன்டெனாவின் முனைகூட வெட்டுப்பட்டிருக்கிறது. பரவலாக அச்சாகும் பிரதிகளில் மேலே கறுப்பை ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கறுப்பில் கறுப்பு மார்க்கரோ நீல மார்க்கரோ போட்டால், சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் எழுத்து தெரியும். அதே படத்தில் அவர் காலடியில் வெளிர்சாம்பல் மண் விரிந்து கிடக்கிறது. நீல மார்க்கருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

கறுப்பில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வெள்ளி நிறப் பெயின்ட் மார்க்கர். இதற்குக் கொஞ்சம் பக்குவம் தேவை. மூடியோடு அரை நிமிடம் குலுக்குங்கள். முனையை ஒரு வேண்டாத தாளில் அழுத்தி, பெயின்ட் இறங்கியதும் நாலு கோடு கிழித்துப் பார்த்து, சீராக வருகிறது என்று தெரிந்த பிறகே வீரர் கையில் கொடுங்கள். இதைச் செய்யாமல் கொடுத்தால் அவர் படத்தின் மேலேயே அழுத்துவார். முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு விழும். எழுதிய பின் பத்து நிமிடமாவது படுக்கவைத்துக் காயவிடுங்கள். காயாமல் உறைக்குள் செருகினால் கையெழுத்தின் பாதி உறையோடு வந்துவிடும்.

தபால் உறை, புத்தகம், மேட் தாள் போன்ற மை உறிஞ்சும் பரப்புக்கு நிறமி மை நிரப்பிய மெல்லிய பேனாதான் சரி. வெளிச்சத்தையும் ஈரத்தையும் தாங்கும். ஆனால் அதையே பளபளப்பான புகைப்படத்தில் போட்டால் காயாது, விரல் பட்டதும் இழுக்கும். பால்பாயிண்ட் பேனா பளபளப்பில் வழுக்கும், தாளையும் குழிக்கும்.

கேள்வி: நாசா படத்தை இறக்கி நானே பிரின்ட் போட்டுக் கொண்டுபோகலாமா?

பதில்: தாராளமாக. நாசா எடுத்த படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமைத் தடை கிடையாது. 8×10-க்குக் குறைந்தது 2400×3000 பிக்சல் இருக்கட்டும். வீட்டு இங்க்ஜெட்டில் போடாதீர்கள். அந்தத் தாளின் பூச்சில் மார்க்கர் மை பரவி எழுத்தோரம் மயிர்விட்டதுபோல் ஆகலாம். லேபில் ரசாயன முறையில், முழுப் பளபளப்பும் இல்லாத லஸ்டர் தாளில் போடுங்கள். ஒரு பிரதி கூடுதலாக எடுத்து, அதில் உங்கள் பேனாவால் கிறுக்கி, ஐந்து நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. நிலவில் பயன்படுத்திய ஹாசல்பிளாட் கேமராவின் படம் சதுரம். கடையில் அப்படியே கொடுத்தால் 8×10-க்குப் பொருந்துவதற்காகப் பக்கவாட்டில் வெட்டிவிடுவார்கள். வெட்டாமல், 8×8 படத்தை மேலே வைத்து அடியில் 2 அங்குல வெள்ளைப் பட்டை விடச் சொல்லுங்கள். எந்தப் பேனாவும் தெரியும், படத்தின் மேலும் கோடு விழாது.

கேள்வி: தபால் உறைகளுக்குத் தனி மதிப்பு என்கிறார்களே, ஏன்?

பதில்: உறையில் தேதி இருக்கிறது. ஏவிய நாள் அல்லது இறங்கிய நாளின் அஞ்சல் முத்திரை விழுந்த உறை, அந்தப் பயணத்தின் சாட்சியாகவே ஆகிவிடுகிறது. அப்பல்லோ 11 முதல் 16 வரை வீரர்கள் புறப்படுமுன் உறைகளில் கையெழுத்திட்டுக் குடும்பத்தாரிடம் விட்டுப்போனார்கள். திரும்பி வராவிட்டால் விற்றுக்கொள்ளட்டும் என்று. அவற்றை ‘இன்ஷூரன்ஸ் உறைகள்’ என்கிறார்கள்.

புதிதாகக் கையெழுத்து வாங்க நல்ல, எளிதில் கிடைக்கும் உறை: 1969 செப்டம்பர் 9 அன்று அமெரிக்கா வெளியிட்ட 10 சென்ட் நிலவு இறக்க விமானத் தபால்தலையின் முதல்நாள் உறை, அதாவது வெளியான அன்றே முத்திரை விழுந்த உறை. அந்தத் தபால்தலையின் மூல அச்சு அப்பல்லோ 11-இல் நிலவுக்குப் போய் வந்தது.

உள்ளே ஓர் அட்டையைச் செருகிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுமடிப்பின் மேட்டில் பேனா தடுக்கும். தபால்தலைக்கும் முத்திரைக்கும் மேல் எழுத விடாதீர்கள். தடித்த மார்க்கர் வேண்டாம், பின்பக்கம் ஊறும்.

கேள்வி: மூன்று வீரர்களின் கையெழுத்தும் ஒரே படத்தில் வேண்டும். சாத்தியமா?

பதில்: அப்பல்லோவில் அநேகமாக இல்லை. அப்பல்லோ 13-இன் ஜாக் ஸ்விகர்ட் 1982-லும், அப்பல்லோ 17-இன் ரான் எவன்ஸ் 1990-லும், அப்பல்லோ 15-இன் ஜிம் இர்வின் 1991-லும் காலமாகிவிட்டார்கள். நிலவில் நடந்த 12 பேரில் இன்று இருப்பவர்கள் ஒருசிலரே. ஏற்கெனவே ஒருவர் கையெழுத்திட்ட படத்தை வாங்கி மற்றவரிடம் சேர்க்கலாம். ஆனால் முதல் கையெழுத்து போலியாக இருந்தால், அதன் பக்கத்தில் ஓர் அசலையும் போட்டு வீணடித்தவர் ஆவீர்கள்.

குழுப்படத்தைவிட நிலவின் வரைபடம் நல்ல தேர்வு. வெளிர் நிற, பூச்சில்லாத கெட்டித்தாளில் அச்சான முன்பக்க வரைபடத்தில் அப்பல்லோ இறங்கிய ஆறு இடங்களையும் குறித்துக்கொண்டு, அவரவர் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் வாங்கலாம். இரண்டே கையெழுத்தோடு நின்றுபோனாலும் அது குறையாகத் தெரியாது. விண்வெளி ஓடக் குழுக்கள் என்றால் குழுப்படத்தை முயலலாம். ஏழு பேர்கூடப் போட வேண்டியிருக்கலாம் என்பதால் முதல் ஆள் நடுவில் பெரிதாகப் போட்டுவிடாமல் இடத்தைக் காட்டிக் கொடுங்கள். ஒட்டுத்தாள் அம்புக்குறியைப் படத்தின் பிளாஸ்டிக் உறையின் மேல் ஒட்டுங்கள், படத்தின் மேல் அல்ல. பசை பட்ட இடத்தில் மை பிடிக்காது.

கேள்வி: பேட்ச், கொடி, நிலா உருண்டை, தலைக்கவச மாடல்?

பதில்: பூவேலை செய்த பேட்ச் (பயணச் சின்னத் துணி) வேண்டாம், நூலின் மேடுபள்ளத்தில் பேனா ஓடாது. கொடித்துணியில் மை பரவும். இழுத்துக் கட்டி, அடியில் அட்டை வைத்தால் ஓரளவு வரும். உருண்டை பார்க்க அழகு, அனுப்பத் தலைவலி. மாடலின் பீடத்தில் ஒரு வெறும் தகடு பொருத்தி அதில் வாங்குவது நல்லது.

கேள்வி: உண்மையிலேயே விண்வெளிக்குப் போய் வந்த பொருளில் கையெழுத்து வாங்கலாமா?

பதில்: அதை வைத்திருந்த வீரரே, “அப்பல்லோ 15-இல் நிலவுக்குப் போனது” என்பதுபோல் எழுதிக் கையெழுத்திட்டால் அது சான்று; மதிப்பு கூடும். மெர்க்குரி, ஜெமினி, அப்பல்லோ ஆகிய விண்வெளித் திட்டங்களின் வீரர்கள் தாங்கள் வைத்திருந்த நினைவுப் பொருள்களுக்கு உரிமையாளர்கள் என்று 2012-இல் அமெரிக்கச் சட்டமே வந்துவிட்டது. அந்தப் பயணத்தோடு சம்பந்தமில்லாத வேறொரு வீரரிடம் அதே பொருளை நீட்டாதீர்கள். அது பொருளைக் கெடுப்பது. கூடவே தனிக் கடிதமும் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: வாங்கும்போது போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: கையெழுத்தைப் பார்க்குமுன் தாளைப் பாருங்கள். நாசாவின் வளைந்த சிவப்பு எழுத்துச் சின்னம், ‘புழு’ என்பார்களே, அது 1975-இல் வந்து 1992-இல் விலக்கப்பட்டது. அந்தச் சின்னம் அச்சான லித்தோவில் ‘1969-இல் போட்டது’ என்று யாராவது சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. 1967 ஜனவரியில் இறந்த விண்வெளி வீரர் கஸ் கிரிஸமின் கையெழுத்து அதற்குப் பிந்தைய அச்சில் இருந்தாலும் அப்படியே.

அடுத்தது ஆட்டோபென். அறுபதுகளிலிருந்தே நாசாவில் இந்த இயந்திரம் வீரர்களின் பெயரில் கையெழுத்திட்டிருக்கிறது. மை அசல், கை அசல் அல்ல. கோடு முழுக்க ஒரே அழுத்தம், தொடக்கத்திலும் முடிவிலும் சிறு புள்ளி. ஒரே அளவில் இரண்டு கையெழுத்துகளை ஒளிபுகும் தாளில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னலில் பிடியுங்கள். அச்சுப்பிசகாமல் பொருந்தினால் இயந்திரம். மனிதக் கை இருமுறை ஒரேமாதிரி போடாது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் மைக்கோடு புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால், கையெழுத்தையே அச்சிட்டிருக்கிறார்கள்.

ஆம்ஸ்ட்ராங் 1994-இல் ஆட்டோகிராஃப் போடுவதையே நிறுத்திக்கொண்டார். அவர் பெயரில்தான் போலிகள் குவிகின்றன. முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: “அன்புள்ள இன்னாருக்கு” என்று என் பெயரைப் போடச் சொல்லலாமா?

பதில்: விற்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம், விலை குறையும். வைத்துக்கொள்ளத்தான் என்றால் கேட்டு வாங்குங்கள். பெயர் போட்ட கையெழுத்தில் எழுத்துகள் அதிகம். பின்னாளில் அசலா என்று ஒப்பிட அவ்வளவுக்கு வசதி.

கேள்வி: பாதுகாப்பது?

பதில்: பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலின் உறை, பின்னால் அமிலமில்லாத அட்டை. பிவிசி உறை வேண்டாம். அதன் மென்மையாக்கி கசிந்து மையோடு ஒட்டும். லேமினேட் செய்யவே கூடாது. ஃப்ரேம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் ஓர் அட்டைச் சட்டம். சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் நல்ல ஸ்கேன் எடுத்து அந்தப் பிரதியை மாட்டுங்கள். அசல் இருட்டுப் பெட்டியில், படுக்கைவாட்டில் இருக்கட்டும்.