மேற்கு முகப்புக்கு 2 அடி சன்ஷேட் போதாது

மதுரையில் தாலுகா அலுவலக வளாகம், நீள முகப்பு மேற்குச் சாலையைப் பார்க்கிறது, 2 அடி சன்ஷேட் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமநாளை (பகலும் இரவும் சமமாகும் நாள்) ஒட்டி, சூரிய நேரப்படி (சூரியன் உச்சிக்கு வருவதை 12 மணியாகக் கொண்டால்) மாலை 4 மணிக்கு வெயில் சுமார் 30 டிகிரி உயரத்தில் நேர் எதிரே அடிக்கும். 1.2 மீட்டர் உயர ஜன்னலில் மேல் 35 செ.மீ. மட்டும்தான் நிழலாகும், முழுதும் மறைய 2.1 மீட்டர் நீட்ட வேண்டும். செங்குத்துத் தடுப்பும் சுவருக்கு நேர்கோணமாக நின்றால் அந்த வெயிலைப் பிடிக்காது, அதன் வெளி விளிம்பை வடக்கே திருப்பி வையுங்கள்.

அதைவிட, கட்டடத்தையே திருப்பிவிடுங்கள். நீளப் பக்கங்கள் வடக்கு, தெற்கு பார்க்கட்டும். குறுகிய பக்கம் சாலைக்கு வரட்டும். அந்த மேற்குச் சுவரில் படிக்கட்டும் கழிப்பறையும் போதும். தெற்கு ஜன்னலுக்கு 80 செ.மீ. நீட்டினால் டிசம்பர் நண்பகல் வெயிலும் உள்ளே வராது. வடக்கே 30 செ.மீ. போதும், ஆனால் ஜூன் காலை, மாலை வெயிலுக்குப் பக்கத் தடுப்பு வேண்டும்.

திருப்ப இடமில்லையா? மேற்கே 2.4 மீட்டர் வராந்தா, வெளியே ஜாலிச் சுவர் (காற்று வரத் துளைகள் விட்ட சுவர்). மனு கொடுக்க வருபவர்கள் அங்கே காத்திருக்கலாம். பிறகு யாராவது அந்த ஜாலியைக் கண்ணாடியால் அடைப்பார்கள், ஏசி வெளிப்பெட்டிகளை முற்றத்தில் மாட்டுவார்கள். பெட்டிகளுக்கான இடத்தை மொட்டைமாடியில் இப்போதே வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.