குறைந்த செலவில் சைக்கிளில் மோட்டார் பொருத்த எந்தெந்தப் பாகம் வாங்கலாம்?

கேள்வி இதுதான்: தண்டையார்பேட்டையில் வீடு, மணலியில் வேலை, கையில் ஒரு பழைய சைக்கிள், 15,000 ரூபாய். மோட்டார் பொருத்த எதை வாங்குவது, எதில் மிச்சம் பிடிப்பது?

எல்லாரும் மோட்டாரில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் சொல்வது தலைகீழ். முதலில் பிரேக், அப்புறம் பேட்டரி, மோட்டார் கடைசி. காசு குறைவாக இருக்கும்போது இந்த வரிசைதான் உங்களைக் காப்பாற்றும்.

பெட்ரோல் கிட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 80 சிசி என்று விற்கிறார்கள், உண்மையில் 66 சிசி அளவுதான். ஆனாலும் 25 சிசியைத் தாண்டினாலே சட்டப்படி அது மோட்டார் வாகனம். பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேண்டும். வீட்டில் கட்டிய வண்டிக்கு ஆர்டிஓவில் நம்பர் வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. பேட்டரி வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் விலக்கு உண்டு: 250 வாட், 25 கி.மீ. வேகம் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். கம்பெனி வண்டிகள் சோதனை நிலையத்தில் சான்று வாங்கி வருபவை, நம்மிடம் அந்தத் தாள் இருக்காது. அதனால் வரம்பை மீறும் 500 வாட், 1000 வாட் பக்கம் போகவே வேண்டாம்.

சைக்கிளுக்கு வருவோம். இரும்பு ஃபிரேம், இரும்பு ஃபோர்க் என்றால் நல்லது, பழசாக இருந்தாலும் பாரம் தாங்கும். ஆனால் ராடு பிரேக்கும் குரோம் ரிம்மும் இருந்தால் அங்கேதான் முதல் செலவு. மழையில் நனைந்த குரோம் ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். மிதிக்கிற வேகத்தில் சமாளித்தது 20 கி.மீ. வேகத்தில் நடக்காது. முன்சக்கரத்துக்காவது அலாய் ரிம், வி-பிரேக் (இரண்டு நீளக் கைகள் ரிம்மை இரு பக்கமும் அழுத்தும் கேபிள் பிரேக்) போடுங்கள். ஃபோர்க்கில் வி-பிரேக் மாட்ட இடம் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். அவரிடமே சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, ஓவராயில் செய்துவிடுங்கள்.

மோட்டாரில் உங்களுக்குப் பொருந்துவது, பின்சக்கரத்தின் பக்கத்தில் தனிச் செயினோடு மாட்டும் 24 வோல்ட் 250 வாட் கியர் மோட்டார். சக்கரத்தின் நடுவிலேயே வருகிற ஹப் மோட்டார் சத்தமில்லாதது, அழகானது. ஆனால் பின்சக்கர ஹப் கிட் பெரும்பாலும், பின்சக்கர அச்சு உட்காரும் ஃபிரேமின் இரு முனைகளுக்கு நடுவே 135 மி.மீ. இடைவெளி இருக்கும் சைக்கிளுக்குச் செய்யப்பட்டது. பழைய ரோடு சைக்கிளில் அந்த இடைவெளி இருக்காது, ஃபிரேமை விரிக்க வேண்டிவரும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

கியர் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று, அதன் செயின் பல்சக்கரத்தில் 9 பல். சக்கரத்தில் 18 பல் போட்டால் 150 சுற்று. 26 இஞ்ச் சக்கரத்துக்கு மணிக்குச் சுமார் 19 கி.மீ. 16 பல் போட்டால் 21. உங்கள் ரோட்டுக்கு 18 பல்லே போதும், மேம்பாலம் ஏறும்போது மோட்டார் திணறாது. ஒரு பக்கம் மட்டும் இழுத்து, மறுபக்கம் சும்மா சுற்றும் ஃப்ரீவீல் மோட்டார் பக்கமோ சக்கரத்துப் பக்கமோ ஏதாவது ஒன்றில் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் சார்ஜ் தீர்ந்தபின் மோட்டாரையும் சேர்த்து மிதிக்க வேண்டும்.

இனி பேட்டரி. பட்ஜெட்டில் ஏறக்குறைய பாதி இதற்கே போகட்டும். போக வர 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் கொஞ்சம் மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட்-ஹவர் (வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வரும் மின்சார அளவு) ஆகும். மொத்தம் 240 வரை. மலிவு என்று யூபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு வாங்கினால் பெயருக்கு 168. மோட்டார் 13 ஆம்பியர் வரை இழுக்கும்போது அதில் பாதிதான் உருப்படியாகக் கிடைக்கும். மணலி போய்ச் சேர்வதற்குள் படுத்துவிடும், ஆழமாக வடியவிட்டால் ஆயுளும் குறையும். 8 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேக், 25.6 வோல்ட் 12 ஆம்பியர்-ஹவர் என்றால் 307 வாட்-ஹவர். இதை வாங்குங்கள். சென்னை வெயிலை மற்ற லித்தியம் வகைகளைவிட நன்றாகத் தாங்கும். செல்களை அதிக சார்ஜ், அதிக இழுப்பிலிருந்து காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் உள்ளே இருக்கிறதா, குறைந்தது 20 ஆம்பியர் தருமா என்று கேட்டு, அதற்கென்றே உள்ள சார்ஜரையும் சேர்த்து வாங்குங்கள்.

பழைய லேப்டாப் செல்லைச் சேர்த்துக் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். விலையைக் கேட்டால் ஆசையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு நிலையில் இருக்கும், சோர்ந்த செல் சூடாகும். நம்ம பக்கம் ஹவுசிங் போர்டு வீடுகளில் வெளியே போக ஒரே படிக்கட்டு. அங்கே வாசலை ஒட்டி வைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, அது தீப்பிடித்தால் உள்ளே தூங்குகிற பிள்ளைகளுக்கு வழி இல்லை. நல்ல பேக்கையும் கழற்றி மேலே எடுத்துப் போகிற மாதிரி பொருத்தி, கண் முன்னால் சார்ஜ் போட்டு, நிறைந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

சின்னச் சாமான்களில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கும் கட்-ஆஃப் லிவர், பேட்டரிக்கு ஒட்டினாற்போல் 20 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர். காசிமேட்டுக் காற்றில் உப்பு இருக்கிறது. கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும், கிரீஸ் தடவி வையுங்கள். டிஸ்பிளே, ஆக்சிலேட்டர் பிடியில் வருகிற மீட்டர் எல்லாம் தேவையே இல்லை, மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியை சீட்டுக்கு அடியில் உயரமாக, வயர் துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். மோட்டார் சக்கர அச்சின் உயரத்தில் இருப்பதால் கணேசபுரம் சப்வே மாதிரி தண்ணீர் நிற்கும் இடத்தில் இறக்காதீர்கள், சுற்றியே போங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளோடு போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். எப்படிப் போனாலும் பின்னால் சிவப்பு லைட்டும் வலது கைப்பிடியில் ஒரு கண்ணாடியும் மோட்டார் வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.